வீட்டில் கோரம் இல்லை

மே 18, ஞாயிறு

இன்று முதல் நாட்குறிப்பு. நாளைக்கு ஐ.நா. சபையே விசாரணைக் கமிஷன் அமைத்து, இந்தக் குடும்பத்தில் என்னதான் நடந்தது என்று கேட்டால், ஒரு நம்பத்தகுந்த சாட்சி வேண்டும். என்னைவிட நம்பத்தகுந்தவர் கோபிச்செட்டிபாளையம் தாலுகாவில் இன்னும் பிறக்கவில்லை.

நான் நாச்சிமுத்து. கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். நீதிபதிகள் வந்தார்கள், போனார்கள். சட்டம் மட்டும் என் நாற்காலியை விட்டு நகரவில்லை. ஆங்கிலத்துக்குள் வேஷம் மாற்றிக்கொண்டு திரியும் லத்தீன் சொற்கள் எல்லாம் என் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. ரோமாபுரியில் ஒரு சக்கரவர்த்திக்கு வார்த்தை முட்டினால் எனக்குத்தான் ஆள் அனுப்பியிருப்பார். அவர் முந்திப் பிறந்துவிட்டார். அது அவர் நஷ்டம்.

இன்று மரகதக்கா வீட்டில் கூட்டம். அக்காவின் ஒரே மகள் மேகலாவுக்கு வரன். மாப்பிள்ளை பெயர் கிஷோர், சொந்த ஊர் பெருந்துறை. இத்தாலியில் துணி இயந்திரம் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். லீவில் வந்திருக்கிறான். ஜாதகம் பொருந்திவிட்டது. ஆடி பிறப்பதற்குள் கல்யாணம் என்கிறார்கள். அக்கா வீட்டுக்காரர் சென்னியப்ப மச்சான், மஞ்சள் மண்டி வைத்திருப்பவர், மூட்டை விலை கேட்கிற குரலில் என்னைக் கேட்டார்:

"ஏன் மாப்ள, நீ என்ன சொல்றே? தாய்மாமன் வாயத் தொறந்தாத்தான் மத்தது."

வடையை விழுங்கிவிட்டு எழுந்து நின்றேன். "கோரம் இல்லை" என்றேன்.

சபை கூடுவதற்குக் குறைந்தபட்சம் யார் யார் இருக்க வேண்டுமோ, அதற்குப் பெயர் கோரம். சுத்தமான லத்தீன். அது இல்லாமல் எடுக்கிற தீர்மானம் செல்லாது. பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், பெண் அடுக்களையில் வடை சுடுகிறாள். கோரம் எப்படி இருக்கும்?

மச்சானின் அக்கா பாவாத்தா, இந்த வரனைக் கொண்டுவந்தவர், கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கோரமா ஒண்ணும் நடக்காத வரைக்கும் நல்லதுதானப்பா. எதுக்கு அதப் போயி நல்ல நாள்ல சொல்றே?"

கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. பெண்ணுரிமை காக்கப்பட்டது. மிச்ச வடையைக் கட்டிக் கொடுத்தார்கள்.

மே 19, திங்கள்

மேகலா கூட்டுறவு வங்கியில் வேலை முடிந்ததும் வழக்கம்போல வந்தாள். அக்கா கொடுத்தனுப்பும் கேரியரை எனக்கு வைத்துவிட்டு, ஒரு டீ குடித்து, அரை மணி நேரம் என்னை வம்புக்கு இழுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் நடைமுறை. என் வீட்டின் கோரம் இரண்டு. நான் ஒன்று, அவள் ஒன்று.

"மாமா, லத்தீன்ல முழுசா ஒரு வாக்கியம் சொல்லுங் பாக்கலாம்."

"எட்செட்ரா" என்றேன்.

"அது வாக்கியமாங்?"

"அதுக்குள்ள எத்தனை வாக்கியம் அடங்கியிருக்கு தெரியுமா? உங்க பேங்குல வட்டிக்கு என்ன போடறீங்க? பெர் ஆனம். மேட்ச்சுல என்ன சொல்றான்? வெர்சஸ். கடிகாரத்துல ஏ.எம்., பி.எம். கோபி பஸ் ஸ்டாண்டுல நிக்கற அத்தனை பேரும் லத்தீன்தான் பேசறாங்க. பாவம், அவங்களுக்குத்தான் தெரியாது."

"கிஷோருகிட்ட உங்களப் பத்திச் சொன்னனுங். அங்கெல்லாம் செவுத்துல, கோயில்ல, லத்தீன் எழுதித்தான் இருக்குமாமா. உங்களக் கூட்டிட்டுப் போயிக் காட்டோணும்னாரு."

லத்தீனைப் பெற்று வளர்த்துவிட்டு அதையே பேசாமல் கைவிட்ட ஊர் அது. அந்த ஊரை நம்பிப் பெண் கொடுப்பதா என்று கேட்டேன். அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். டீ ஆறி, ஏடு கட்டி, ஈ உட்கார்ந்து எழுந்து போன பிறகு, முகமெல்லாம் சிவந்து வந்தாள்.

வங்கியில் வேலைப்பளு அதிகம் போலிருக்கிறது.

மே 22, வியாழன்

அடுக்களைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் "வர்றனுங்" என்றான். எப்போது என்று சொல்லவில்லை. தேதி குறிக்காமல் ஒத்திவைப்பதற்கு லத்தீனில் சைனி டை என்று பெயர். பிளம்பர்கள் பிறப்பிலேயே லத்தீன் அறிந்தவர்கள்.

மே 25, ஞாயிறு

இரண்டாவது கூட்டம். மச்சான் இந்த முறை மேகலாவைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, "இப்ப கோரம் இருக்குதா?" என்று கேட்டார். கடுமையான எதிரி. கற்றுக்கொள்கிறார்.

இருந்தது. ஆகவே அடுத்த ஆயுதத்தை எடுத்தேன். "மாப்பிள்ளையின் போனஃபைடு என்ன?" என்றேன். நல்ல நம்பிக்கை, கள்ளமின்மை, அதுதான் பொருள். வேலை நிஜமா, கம்பெனி நிஜமா, ஆள் நிஜமா என்று தீர விசாரிக்க வேண்டாமா? விசாரணை ஒழுங்காக நடந்தால் ஆடி வந்துவிடும். ஆடியில் யாரும் கல்யாணம் பேச மாட்டார்கள். லீவும் முடிந்துவிடும். இவை தற்செயலான விளைவுகள். இதில் எனக்கு எந்த ஆதாயமும் இல்லை.

மேகலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றிப் பார்வை என்று எடுத்துக்கொண்டேன்.

மே 26, திங்கள்

மாப்பிள்ளையின் அப்பா மாரப்பன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். கிஷோர் எட்டாம் வகுப்பில் வாங்கிய போனஃபைடு சர்டிபிகேட். தலைமையாசிரியர் கையெழுத்து, பள்ளி முத்திரை எல்லாம் இருக்கிறது. நன்னடத்தை: நன்று.

ஆவணத்தில் குறை காண முடியவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

மூன்றாவது கூட்டம். மச்சான் பஞ்சாங்கத்தைப் பிரித்து ஜூலை ஏழு என்று விரலை வைத்துவிட்டார். மரகதக்கா சந்தோஷத்தில் அழுதாள். பாவாத்தா வாசலில் நின்று மாரப்பனுடன் போனில் பேசிக்கொண்டே ஒரு காதை உள்ளே வைத்திருந்தார். வேறு வழியில்லை. ஹிமாலயமே நிமிர்ந்து பார்க்கும் உயரத்துக்கு எழுந்து நின்றேன்.

"தாய்மாமன் நான். எனக்கு வீட்டோ இருக்கு!"

வீட்டோ. லத்தீனில் "நான் தடுக்கிறேன்". உலகமே கூடித் தீர்மானம் போட்டாலும் ஒற்றை ஆள் இந்த ஒரு சொல்லால் நிறுத்திவிடலாம். வல்லரசுகள் வைத்திருக்கின்றன. நம் ஊரில் தாய்மாமன் வைத்திருக்கிறான். தாய்மாமன் சீர் இல்லாமல் எந்தப் பெண் மணவறை ஏறியிருக்கிறாள்?

வாசலில் பாவாத்தா போனில் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது:

"இருங் மாரப்பண்ணா... மாமங்காரன் என்னமோ வீட்டோடங்கறான்... ஆமாங், வீட்டோட..."

அப்போது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

பெரிதாக எடுத்திருக்க வேண்டும்.

பெருந்துறை முழுக்க இப்போது செய்தி இதுதான்: பெண்ணின் மாமன் வீட்டோட மாப்பிள்ளைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். பையன் இத்தாலி வேலையை விட்டுவிட்டு மஞ்சள் மண்டியில் வந்து உட்கார வேண்டும். மாரப்பன் மச்சானைக் கூப்பிட்டு, "என்ற ஒத்தப் பையன எழுதியா குடுத்துருக்கறேன்?" என்று கத்தியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் நல்ல பதில் வராவிட்டால் வேறு இடம் பார்ப்பார்களாம்.

மச்சான் எனக்குப் போன் செய்தார்.

"மாப்ள, உன்ற வாயில நல்ல தமிழே வராதா?"

"நான் சொன்னது வீட்டோ, மச்சான். லத்தீன்."

"லத்தீன உன்ற ஊட்டோட வச்சுக்க."

வைத்துவிட்டார். போனைச் சொல்கிறேன்.

வீட்டோட மாப்பிள்ளை என்று நான் சொல்லவே இல்லை. அப்படி ஒரு எண்ணமே எனக்கு இருந்ததில்லை. மேகலா கல்யாணமாகி இதே ஊரில், இதே தெருவில், ஏன், எதிர் வீடே காலியாகத்தான் இருக்கிறது, அதில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு பேச்சுக்குக்கூட நான் நினைத்தது கிடையாது.

ஜூன் 4, புதன்

கேரியர் வந்தது. மேகலா வரவில்லை. மச்சானின் டிரைவர் கொண்டுவந்து கொடுத்தான். உட்காரச் சொன்னேன். லோடு இருக்கிறது என்றான். அவனுக்கு லத்தீன் தெரியாது.

ஜூன் 5, வியாழன்

டிரைவர்.

ஜூன் 6, வெள்ளி

வாசல் கேட் கிறீச்சென்று உலகம் அதிரச் சத்தம் போடுகிறது. எண்ணெய் போட்டேன். அப்புறம், சத்தம் இல்லாவிட்டால் யாராவது வருவது தெரியாதே என்று தோன்றியது. துணி எடுத்து எண்ணெயைத் துடைத்துவிட்டேன்.

குழாய் இன்னும் ஒழுகுகிறது. அதுவும் ஒரு சத்தம்.

ஜூன் 7, சனி

தீர ஆலோசித்ததில் ஒன்று விளங்கியது. பெண்ணின் மனதை யாருமே கேட்கவில்லை. அவளுக்கு இந்தக் கல்யாணத்தில் விருப்பமில்லை. பெரியவர்கள் முன்னால் சொல்லப் பயப்படுகிறாள். என் மேல் கோபம்போல வராமல் இருப்பதும் அந்தப் பயத்தால்தான். மச்சானைக் கூப்பிட்டேன்.

"மச்சான், கடைசியா ஒரு வேண்டுகோள். மேகலாவை நான் இன் கேமராவுல விசாரிக்கோணும்."

"கேமராவுலயா?"

"ஆமாங். சட்டம் அப்படித்தான்."

"அப்படி விசாரிச்சா உன்ற கொழப்பம் தீந்துருமா?"

"தீர்ப்பே வந்துரும்."

"செரி. ஏற்பாடு பண்ணீர்றேன்."

மனம் நெகிழ்ந்துவிட்டது. முதல் முறையாக இந்த மனிதர் சட்டத்துக்கு மரியாதை கொடுத்திருக்கிறார். இன் கேமரா என்றால் பூட்டிய அறைக்குள் நடக்கும் ரகசிய விசாரணை. கேமரா என்பது லத்தீனில் அறை. படம் பிடிக்கும் பெட்டிக்கு அந்தப் பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று மச்சானுக்கு விளக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மச்சான் வீட்டில், மண்டிக்காகச் சேர்த்து வைத்த மஞ்சள் மூட்டைகள் சுவரோரம் அடுக்கிய பின்கட்டு அறையில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஜன்னல் மேட்டில் மச்சானின் போன் சாய்த்து வைத்திருந்தது. சார்ஜில் கிடக்கிறது என்று நினைத்தேன். மேகலா வந்து உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினேன்.

"இந்த அறையில பேசறது இந்த அறையத் தாண்டாது கண்ணு. பயப்படாமச் சொல்லு. உனக்கு இந்தப் பையன் வேண்டாம். அப்படித்தானே?"

"எனக்கு அவரப் புடிச்சிருக்குங் மாமா."

"யாரோ சொல்லிக்கொடுத்து..."

"ஆரும் சொல்லிக்குடுக்கலீங். இந்த வரன் வந்த நாள்லருந்து உங்ககிட்ட அதத்தான் சொல்ல வர்றேன். நான் வாயத் தொறந்தா நீங்க லத்தீன்ல கெளம்பீர்றீங். மொத மொத கோரம்னீங், சிரிச்சேன். சர்டிபிகேட்டுக்கு வயிறு வலிக்கச் சிரிச்சோம், நானும் அவரும். இப்ப சிரிப்பு வல்லீங் மாமா. அவிங்க வேற எடம் பாக்கப் போறாங்க."

"மாமா, உண்மையச் சொல்லுங். அவருகிட்ட என்ன கொறை?"

"நெறைய இருக்கு."

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்."

ரோமப் பேரரசு தோன்றி, வளர்ந்து, மூட்டை கட்டிக்கொண்டு போகிற அளவு நேரம் யோசித்தேன்.

"தூரமா இருக்கான்."

"அப்புறம்?"

இதற்கு நான் அளித்த பதில் பதிவிலிருந்து நீக்கப்படுகிறது.

நல்ல மஞ்சள் அது. தூசி பொல்லாதது. கண்ணில் பட்டால் தாரை தாரையாக ஊற்றும். மேகலாவுக்கும் பட்டுவிட்டது. என் தோளில் சாய்ந்து துடைத்துக்கொண்டாள். இந்த வருடம் ஈரோட்டுச் சந்தையிலேயே இவ்வளவு காரமான மஞ்சள் வந்திருக்காது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, தீர்ப்பை அறிவிக்கக் கூடத்துக்கு வந்தேன். குடும்பம் மொத்தமும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. டிவியில் ஒரு காலி நாற்காலி ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் மஞ்சள் மூட்டைகள். எங்கேயோ பார்த்த நாற்காலி என்று பட்டது. நான் இப்போதுதான் எழுந்து வந்த நாற்காலி.

அதற்குப் பக்கத்தில் சின்னக் கட்டத்துக்குள் பெருந்துறை மாரப்பன், அவர் சம்சாரம், நடுவில் கிஷோர், மூவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே மஞ்சள் எப்படிப் போனது என்று தெரியவில்லை.

"நீதானப்பா கேமராவுல விசாரிக்கோணும்னே" என்றார் மச்சான். "ஆளாளுக்குக் காது குத்தாம எல்லாருமே பாக்கட்டும்னு சம்பந்தி ஊட்டுக்கும் போட்டு உட்டேன்."

பாவாத்தா மூக்கை உறிஞ்சினார். "சாயங்காலமானா உன்ற கேட்டுச் சத்தத்துக்குத்தான் உக்காந்திருக்கறேன், நீ போயிட்டா நான் ஆருகிட்டப் பேசுவேன்னு கேட்டியே நாச்சிமுத்து... எனக்கு நெஞ்சே வெடிச்சுருச்சு. இத மொதல்லயே தமிழ்ல சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

அந்தப் பகுதி பதிவிலிருந்து நீக்கப்பட்டது என்று அவரிடம் சுட்டிக்காட்டினேன். அவருக்குப் புரியவில்லை.

டிவிக்குள்ளிருந்து மாரப்பன் பேசினார். "மாமனுங்களே, வீட்டோடன்னது இதானுங்களா? நாந்தான் தப்பா நெனச்சுப் போட்டேன். பொண்ணுமேல இத்தன பாசம் இருக்கற ஊட்டுல சம்பந்தம் பண்ணாம வேற எங்கீங் பண்றது?"

"அது வீட்டோட இல்லீங்க, வீட்டோ" என்றேன். "லத்தீன்."

"சரிங், சரிங்" என்று கும்பிட்டார்.

பின்னால் வந்து நின்ற மேகலாவிடம் மெல்லக் கேட்டேன். "உனக்கு முந்தியே தெரியுமா?"

"கேமரான்னா அறைன்னு முன்ன ஒருக்கா நீங்கதானுங் சொல்லிக்குடுத்தீங்? அப்பா அறைக்குள்ள கேமரா வச்சாரு. ரெண்டும் செரிதான்."

அப்புறம் மச்சான் டிவியை அணைத்தார். யாரையும் பார்க்காமல் சொன்னார்: "நீ சொல்லி அழுதுட்டே மாப்ள. எனக்கு மட்டும் அவ பக்கத்துலயா போறா?"

சொல்லிவிட்டுப் பின்கட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூட்டை எண்ணப் போயிருப்பார். வெகுநேரம் எண்ணினார்.

ஜூன் 9, திங்கள்

வீட்டோ: நான் தடுக்கிறேன். வீடியோ: நான் பார்க்கிறேன். இரண்டும் லத்தீன்தான். முன்னது பின்னதால் ரத்து செய்யப்பட்டது.

மாலை கேட் கிறீச்சிட்டது. மேகலா.

ஜூலை 7, திங்கள்

கல்யாணம். தாய்மாமன் சீர்த்தட்டுகள் மண்டப வாசலில் கிளம்பி மணவறையைத் தொட்டபோது, கடைசித் தட்டு இன்னும் என் வீட்டிலிருந்தே புறப்படவில்லை. கொங்கு நாட்டில் அன்று பிறந்த குழந்தைகூட வந்து பந்தியில் உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை என் காலில் விழுந்து எழுந்து, "மாமா, அங்க வந்தீங்கன்னா எல்லாக் கல்வெட்டும் நீங்கதான் படிச்சுச் சொல்லோணும்" என்றான். கள்ளமில்லாத பையன். சர்டிபிகேட்டில் சரியாகத்தான் போட்டிருந்தார்கள்.

தாலி கட்டுவதற்கு முன் மச்சான் என் பக்கம் சாய்ந்தார். "ஏன் மாப்ள, கோரம் இருக்குதா?"

கூட்டத்தை ஒரு முறை பார்த்தேன். மேகலாவையும் பார்த்தேன்.

"இருக்குதுங் மச்சான்."

கெட்டிமேளம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மேகலாவுக்கு விசா வந்து, இன்று கோவை விமான நிலையம். மாப்பிள்ளை முன்னமே போய்விட்டான். உள்ளே போகிற இடத்தில் திரும்பிச் சொன்னாள்: "லத்தீன் எங்க பாத்தாலும் படம் அனுப்புவனுங் மாமா. அர்த்தம் சொல்லோணும்."

"அனுப்பு. உடனே கிடைக்கும்."

மச்சானும் அக்காவும் காரில் ஏறச் சொன்னார்கள். ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் வந்தேன். வயா அவினாசி. வயா என்றால் வழி. அதுவும் லத்தீன்தான். சொல்வதற்குப் பக்கத்து சீட்டில் ஆள் இல்லை.

செப்டம்பர் 22, திங்கள்

பிளம்பர் வந்து குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனான். கேட்காமலே வந்தான்.

சத்தம் நின்றுவிட்டது.

செப்டம்பர் 23, செவ்வாய்

வீட்டில் கோரம் இல்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலையில் மேகலாவிடமிருந்து படம். ஒரு பழைய வீட்டு வாசல். தரையில் கல் பதித்து இரண்டு வார்த்தை. "காவே கானெம். மாமா, அர்த்தம்?"

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எழுத்து தெளிவாக இருக்கிறது. அந்த வீட்டின் மாபெரும் மூதாதை ஒருவரின் வீரப் பெயர் என்று பதில் அனுப்பினேன்.

"நாய் ஜாக்கிரதைன்னு அர்த்தமாமுங் மாமா" என்று வந்தது. கூடவே சிரித்துச் சிரித்து அழுகிற மூஞ்சிகள், பஞ்சாயத்து யூனியன் முழுவதற்கும் போதுமான அளவு.

மூதாதை யார் என்று நான் குறிப்பிட்டுச் சொல்லவில்லையே. என் பதில் செல்லும்.

மாலை கேட் கிறீச்சிட்டது. டிரைவர் என்று நினைத்து இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தேன். சென்னியப்ப மச்சான் உள்ளே வந்தார். கையில் கேரியர். இந்த வீட்டு வாசலை அவர் கடைசியாக எப்போது மிதித்தார் என்று எனக்கு நினைவில்லை.

"மேகலா கூப்புடற நேரமாச்சு" என்றார், சுவரைப் பார்த்து. "என்ற போன்ல சார்ஜு இல்ல. உன்றதுல பேசிக்கலாம்னு வந்தேன்."

அவர் சட்டைப்பைக்குள் போன் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. நான் குறுக்கு விசாரணை செய்யவில்லை.

மேகலா டீ குடிக்கும் டம்ளரை எடுத்துக் கழுவி, அவருக்கு டீ போட்டேன். குடித்துவிட்டு, சர்க்கரை அதிகம் என்றார். உட்கார்ந்தே இருந்தார். என் போனைச் சுவரில் சாய்த்து வைத்து, இரண்டு பேரும் முகம் தெரிகிற மாதிரி நாற்காலிகளை நெருக்கிப் போட்டோம்.

மணி அடித்தது. கோரம் இருந்தது. கூட்டம் தொடங்கியது.